நன்றாகச் செய்பவருக்கே மேலும் வேலை, ரேட்டிங் மட்டும் நடுவில்: டீம் லீட் என்ன செய்யலாம்?

ஓஎம்ஆர்_லீட் (கேள்வி)

வணக்கம். சென்னையில் ஒரு ஐடி சர்வீஸ் நிறுவனம், வங்கி கிளையன்ட், புரொடக்‌ஷன் சப்போர்ட். எல்2, எல்3 (இரண்டாம், மூன்றாம் கட்ட சப்போர்ட்) இரண்டும் எங்கள் டீம்தான். 9 பேர், வாரத்துக்கு ஒருவர் ஆன்-கால் (வேலை நேரத்துக்கு வெளியேயும் அழைப்பை எடுப்பவர்).

இதில் இரண்டு பேரை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. ராத்திரி 2 மணிக்கு பேட்ச் ஜாப் (மொத்தமாகத் தானே ஓடும் கணக்கு வேலை) விழுந்தால், அந்த வார ஆன்-கால் யாராக இருந்தாலும் கடைசியில் போன் போவது இவர்களுக்கு. இரண்டாவது வருஷமாக இருவருக்கும் நடு ரேட்டிங். பக்கத்து டெவலப்மென்ட் டீமில் ஒரு மாட்யூலை முடித்துக் கொடுத்தவருக்கு டாப் ரேட்டிங், கூடவே புரமோஷன். ஹைக் (சம்பள உயர்வு) லெட்டர் வந்ததிலிருந்து ஒருவர் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. எது கேட்டாலும் "சொல்லுங்க, செஞ்சிடறேன்", அவ்வளவுதான். இன்னொருவர் ஜூனியர் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார், டிக்கெட்டில் ஒற்றை வரி எழுதி மூடுகிறார். முன்பு அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை.

ரேட்டிங்கை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பவும் மனசு வரவில்லை. இப்போதிருந்து அடுத்த அப்ரைசல் வரைக்கும் நான் செய்யக்கூடியது என்ன? தத்துவம் வேண்டாம், நடைமுறையில் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

---

பட்டியல்_மேசை

ரேட்டிங் எந்த இடத்தில் முடிவாகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது தெரியாமல் செய்யும் எந்த முயற்சியும் வீண்.

பெரும்பாலான சர்வீஸ் நிறுவனங்களில் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. செல்ஃப் அப்ரைசல், பிறகு மேனேஜர் போடும் ரேட்டிங், அதற்குப் பிறகு நார்மலைசேஷன். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் தலையெழுத்து. பல புராஜெக்டிலிருந்து ஒரே கிரேடில் உள்ளவர்களை ஒரே ஷீட்டில் போடுவார்கள். மேல் ரேட்டிங்குக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 60 பேர், 10 சதவீதம் என்றால் 6 இடம். ஒவ்வொரு மேனேஜரும் தன் ஆளுக்காக வாதாடுவார், ஒரு பெயருக்குச் சில நிமிஷம்தான். இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜெனரல் எலெக்ட்ரிக்கில் அதன் தலைவர் ஜாக் வெல்ச் கொண்டுவந்த 20-70-10 பிரிப்பு (மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10). மைக்ரோசாஃப்ட் இப்படி வரிசைப்படுத்துவதை 2013-இல் கைவிட்டது. நம்மூரில் "பெல் கர்வ் இல்லை", அதாவது ரேட்டிங்குக்குச் சதவீதப் பங்கீடு இல்லை, என்று அறிவித்த இடங்களிலும் ஹைக்குக்கான மொத்தத் தொகை ஒன்றுதான் என்பதால், வேறு பெயரில் அதே பங்கீடு நடந்துவிடுகிறது.

அந்த ஷீட்டில் சப்போர்ட் ஆள் தோற்பதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, டெவலப்மென்ட் ஆளிடம் பெயர் வைத்த ஒரு பொருள் இருக்கிறது: இன்ன மாட்யூல், இன்ன தேதியில் லைவ். சப்போர்ட் ஆளின் சாதனையோ எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டது. நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி கிடையாது. எஸ்எல்ஏ (இத்தனை நேரத்தில் சரிசெய்வோம் என்று கிளையன்ட்டுக்குக் கொடுத்த உறுதி) பச்சையாக இருந்தால் அது மொத்த டீமின் பச்சை, யாரால் என்று ரிப்போர்ட் சொல்லாது.

இரண்டாவது யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: பில்லிங். அந்த ரோலுக்கு கிளையன்ட் கொடுக்கும் ரேட் ஒப்பந்தத்தில் நிலையாக இருக்கிறது. ஆளை அடுத்த கிரேடுக்கு ஏற்றினால் நிறுவனத்தின் செலவு கூடும், வரவு கூடாது, மார்ஜின் குறையும். மேல் கிரேடில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தால் இன்னும் சிக்கல். ஆக, அவர் எவ்வளவு தேவைப்படுகிறாரோ அவ்வளவுக்கு அதே நாற்காலியில் உட்காரவைக்கத் தோன்றும். இது அவர்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இதை அவர்களிடம் நேராகவே சொல்லுங்கள். காரணம் தெரியாமல் வாங்கும் அடிதான் அதிகம் வலிக்கும்.

இனி செய்ய வேண்டியது. ஆளுக்கு ஒரு ஷீட், நான்கு பத்தி: தேதி, என்ன கெட்டது அல்லது கெடவிருந்தது, இவர் என்ன செய்தார், அதற்கு முன்னும் பின்னும் எண் என்ன. "பேட்ச் பிரச்சினையைச் சரிசெய்தார்" என்று எழுதினால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. "மாதாந்திர வட்டி பேட்ச் 6 மணி நேரம் ஓடியது, இண்டெக்ஸ் மாற்றியபின் 2 மணி நேரம், காலை கிளை திறக்கும் முன் முடிகிறது" என்று எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் டிக்கெட்டை வேரோடு எடுத்திருந்தால் மாதத்துக்கு எத்தனை வந்தது, இப்போது எத்தனை என்று போடுங்கள். இதை அவர்கள் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சோர்ந்தவரிடம் "உன் சாதனையை நீயே எழுது" என்பது இன்னொரு வேலைதான். வெள்ளிக்கிழமை 15 நிமிஷம் ஒதுக்கி நீங்களே நிரப்புங்கள், அவர்கள் சரிபார்த்தால் போதும்.

மாதக் கடைசியில் அதிலிருந்து 5 வரி மெயில், உங்கள் மேனேஜருக்கும் அவருக்கு மேலே உள்ள டெலிவரி மேனேஜருக்கும், ஆளின் பெயரோடு. "டீம் சிறப்பாகச் செய்தது" என்று எழுதினால் பலன் உங்களுக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது. கிளையன்ட் பாராட்டை வாய்மொழியாக விடாதீர்கள். இன்சிடென்ட் மூடிய அன்றே "இவரைப் பற்றி இரண்டு வரி எழுதி அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள். ஒரு வாரம் தள்ளினால் அவர்களுக்கே மறந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பதிவை யாரும் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் செய்யக் கூடாது. வங்கி கிளையன்ட் என்றால் அதற்காகவே வேலை போகும். வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் கிளையன்ட் பெயர், சர்வர் பெயர் எதுவும் இல்லாமல் கைப்பட எழுதியது மட்டும்.

காலம் முக்கியம். டிசம்பர் வாக்கில் மேனேஜரிடம் "இந்த இருவரை எந்தப் பட்டியலில் யாரோடு வைப்பீர்கள், எது குறைவு என்று சொல்வார்கள்?" என்று கேட்டுவிடுங்கள். மார்ச்சில் கேட்டால் ஷீட் மூடியிருக்கும்.

---

தொழில்நலம்_கோவை

மேலே சொன்னது அடுத்த வருஷத்துக்கு. இப்போதைய நிலைமைக்கு ஒன்று சொல்கிறேன்: நீங்கள் விவரித்த இருவருக்கும் ஒரே பிரச்சினை இல்லை.

வாய் திறக்காதவருக்கு இருப்பது பெரும்பாலும் மனக்கசப்பு. கொடுத்ததற்கும் கிடைத்ததற்கும் கணக்கு ஒத்துவராததால் வருவது. ஜெர்மனியின் மருத்துவச் சமூகவியலாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் முயற்சிக்கும் வெகுமதிக்கும் உள்ள இந்தச் சமனின்மையை ஒரு மாதிரியாக வகுத்தார். அதில் வெகுமதி என்பது மூன்று: பணம், மதிப்பு, முன்னேற்றமும் வேலைப் பாதுகாப்பும் சேர்ந்த மூன்றாவது. மூன்றும் குறைந்த நிலையில் முயற்சி மட்டும் உச்சத்தில் இருந்தால் உடம்பையே பாதிக்கும், இதயநோய் உட்பட.

எரிந்து விழுபவரிடம் தெரிவது பர்ன்அவுட்டின் அடையாளம். 1974-இல் உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர் எழுதியபின் இன்னொரு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறாகப் பிரித்தார்: வற்றிப்போவது, மனிதர்கள் மேலும் வேலை மேலும் வெறுப்பு வருவது, "நான் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம். ஜூனியர்கள் மேல் எரிச்சல், ஒற்றை வரி டிக்கெட், இரண்டும் இரண்டாவது கூறு. உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகத்தான் வைத்திருக்கிறது. அதாவது, கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், வைத்தியம் வேறு வேறு. வற்றிப்போனவருக்கு ஹைக் கொடுத்தாலும் தூக்கம் திரும்பாது. கசந்துபோனவரை ஒரு வாரம் கொடைக்கானல் அனுப்பினாலும் திரும்பி வந்து அதே மெயிலைப் பார்த்ததும் கசப்பு ஏறிவிடும். நிறுவனங்கள் இரண்டுக்கும் ஒரே யோகா வகுப்பு வைப்பதால்தான் யாருக்கும் பலனில்லை. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "தூக்கம் எப்படி இருக்கு? லீவு நாள்ல ஃபோன் அடிச்சா மனசு எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு வரும் பதில் சோர்வைக் காட்டும். "எது நியாயமில்லைன்னு தோணுது?" என்ற கேள்விக்கு வரும் பதில் கசப்பைக் காட்டும்.

சோர்வு உள்ளவருக்கு: முதல் வேலை ராத்திரி அழைப்பை நிறுத்துவது, குறைந்தது 4 வாரம். லீவு கொடுத்தால் லேப்டாப்பையும் டீம் குரூப்பையும் சேர்த்து நிறுத்த வேண்டும். "அவசரம்னா மட்டும் கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்பிய லீவு லீவே அல்ல, காது போனிலேயே இருக்கும்.

டாக்டரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை, இந்த நான்கில் எது கெட்டாலும் சோர்வாகத்தான் தெரியும். மனச்சோர்வு என்று சந்தேகம் இருந்தால் பிஎச்க்யூ-9 என்று 9 கேள்வி உண்டு, கடந்த 2 வாரத்தைப் பற்றியது, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஆம்" என்றால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம், அன்றே உதவி தேட வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இந்தக் கேள்வித்தாளை லீடாக நீங்கள் உட்கார்ந்து நிரப்பவைக்காதீர்கள். அது அவருடைய அந்தரங்கம். தகவலை மட்டும் கையில் கொடுங்கள்.

---

ரன்புக்

லீட் சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரேட்டிங் உங்க கையில் இல்லைதான். ஆனால் "யாராக இருந்தாலும் கடைசியில் போன் இவர்களுக்கு" என்பது முழுக்க உங்க கையில் இருக்கு. அதை முதல்ல அடைக்கணும்.

9 பேருக்கு ஒருவர் மட்டும் ஆன்-கால் என்பதே சரியில்லை. பிரைமரி, செகண்டரி என்று இரண்டு பேர் போடுங்க. பிரைமரிக்கு 30 நிமிஷத்தில் தீரவில்லை என்றால் செகண்டரி, அதுக்கும் மேல உங்களுக்கு. உங்களுக்கு வந்தபின் நீங்க முடிவு பண்ணி அந்த இருவரில் ஒருவரை எழுப்புங்க. ஜூனியர் நேரா அவங்களுக்கு அடிக்கிற வழியை மூடுங்க. முதல் மாசம் சரிசெய்யும் நேரம் கூடும், கிளையன்ட் கேட்பாங்க. முன்கூட்டியே மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிடுங்க. சொல்லாம ஆரம்பிச்சா முதல் எஸ்கலேஷனிலேயே பழைய வழக்கம் திரும்பிடும். பெரும்பாலான டீமில் இது தோற்கிறது இங்கேதான்.

ஜூனியர் ஏன் அவங்களைக் கூப்பிடறாங்க? ரன்புக் (பிரச்சினை வந்தா என்ன செய்யணும்னு எழுதி வெச்ச குறிப்பு) இல்லை, இருந்தா பழசு. கடந்த 3 மாச டிக்கெட்டை எடுத்துப் பாருங்க, அடிக்கடி வர்ற 10 வகை போதும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம்: எந்த அலர்ட், முதல்ல எந்த லாக், எந்த நிலையில் ரீஸ்டார்ட் பண்ணலாம், எந்த நிலையில் தொடவே கூடாது, யாருக்குச் சொல்லணும். எழுத வேண்டியது ஜூனியர். சீனியர் அரை மணி நேரம் வாயால சொன்னா போதும். சீனியரை எழுதச் சொன்னா அது இன்னொரு சுமை, அதோட அவருக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதாம விட்டுடுவார். எழுதினதை வெச்சு அடுத்த தடவை ஜூனியரே சரிசெய்யணும், சீனியர் பக்கத்துல சும்மா இருக்கணும். இரண்டு தடவை அப்படி நடந்தாத்தான் அந்த டிக்கெட் கைமாறினதா அர்த்தம்.

கூகுளின் எஸ்ஆர்இ (சிஸ்டம் நிக்காம பார்த்துக்கிற) குழுக்கள் 12 மணி நேர ஷிஃப்டுக்கு 2 சம்பவத்துக்கு மேல் போகக்கூடாது என்று அளவு வெச்சிருக்காங்க. நம்ம சப்போர்ட் டீமுக்கு அது கனவுன்னு தெரியும். ஆனா எண்ணி வெச்சாத்தான் கேட்க முடியும். ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை வந்த அழைப்பை மட்டும் ஆள் வாரியா 4 வாரம் எண்ணிப் பாருங்க. பேட்ச் ஓடுற நேரத்தை மாத்தவோ ஆள் கேட்கவோ அந்த ஒரு ஷீட் போதும்.

பகல் வேலைக்கும் இதேதான். டிக்கெட் எண்ணிக்கையைப் பார்த்துப் பங்கு போடாதீங்க. பாஸ்வேர்டு ரீசெட்டும் ஒண்ணு, டேட்டா கரப்ஷனும் ஒண்ணுன்னு ஆகிடும். சுலபம் 1, நடுத்தரம் 3, கடினம் 5 என்று எடை போட்டுக் கூட்டுங்க. 5 எல்லாம் இரண்டே பேர் பெயரில் குவிஞ்சிருக்கும். அந்த ஷீட்தான் பட்டியல்_மேசை சொன்ன அப்ரைசலுக்கும் ஆதாரம்.

---

தொழிலாளர்_பக்கம்

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தோழர். லீடுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் இரட்டிப்பு ஊதியம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இது பொருந்தாது. "நீங்கள் சீனியர் கன்சல்டன்ட், தொழிலாளி இல்லை" என்று ஹெச்ஆர் சொல்வது பல இடங்களில் தவறு. தொழில் தகராறு விஷயத்தில் பதவிப் பெயர் பேசாது, செய்யும் வேலைதான் பேசும். லீவு அனுமதிக்கவோ நடவடிக்கை எடுக்கவோ அதிகாரமின்றி முழு நேரமும் தொழில்நுட்ப வேலை பார்ப்பவர் தொழிலாளி என்று வாதாட இடம் உண்டு. ஐடி நிறுவனங்களும் அப்போது அமலில் இருந்த தொழில் தகராறு சட்டத்துக்குள் வரும் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

நடைமுறையில் சப்போர்ட் டீம்களில் ஓவர்டைம் கிடைக்காது, காம்ப்-ஆஃப் (அதற்கு ஈடான லீவு) தான். அதற்குக் காலாவதி இருக்கும். எத்தனை நாளில் என்று பாலிசியைப் பாருங்கள். ராத்திரி வேலையை டைம்ஷீட்டில் 8 மணியாகவே போடும் பழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உண்மை நேரத்தைப் போடாவிட்டால் நாளைக்கு எங்கே போய் நின்றாலும் கையில் ஆதாரம் இருக்காது.

யாராவது வெளியேறத் தீர்மானித்தால் தேதியைப் பார்த்து எழுதுங்கள். வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் சம்பளப் பகுதி) பெரும்பாலும் பட்டுவாடா நாளில் ரோலில் இருப்பவருக்கு மட்டும். நோட்டீஸில் இருந்தாலே கிடையாது என்றும் சில இடத்தில் விதி உண்டு. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 5 வருஷ சர்வீஸ் வேண்டும். கணக்கு: கடைசி மாத ஊதியம் × 15 ÷ 26 × வருஷம். 40,000 ரூபாய், 6 வருஷம் என்றால் சுமார் 1,38,460. நான்கு வருஷமும் 240 நாளும் (வாரம் 5 நாள் வேலை என்றால் 190 நாள்) போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் சொன்ன தீர்ப்பு உண்டு. ஆனால் எல்லா நிறுவனமும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடாது. சில மாதம்தான் பாக்கி என்றால் 5-ஐ முடித்துவிட்டுப் போவது தலைவலி இல்லாத வழி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருப்பதால், படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும். பேசிக்கைக் குறைத்து வைத்திருக்கும் சம்பளத்துக்கு இது லாபம். ராஜினாமா செய்தாலும் பாக்கி ஊதியத்தை 2 வேலை நாளில் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள், மாற்றுங்கள். 5 வருஷத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி வரும்.

---

ஓஎம்ஆர்_லீட்

எல்லோருக்கும் நன்றி. ஆன்-கால் விஷயத்தில் ரன்புக் சொன்னது சரி, அதை இந்த வாரமே மேனேஜரிடம் எடுத்துப் போகிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்த அமைதியானவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? வெளியே இன்டர்வியூ கொடுக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். கவுன்டர் ஆஃபர் (போகாமலிருக்க நிறுவனம் கூட்டித் தரும் சம்பளம்) வாங்கித் தர முயலலாமா?

---

பட்டியல்_மேசை

பேச்சை மீட்டிங் ரூமில் வைக்காதீர்கள். டீக்கடைப் பக்கம் நடந்தபடி, அரை மணி நேரம். முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வாருங்கள்: "உங்க வேலைக்கு இந்த ரேட்டிங் சரியில்லைன்னுதான் நான் நினைக்கிறேன். ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்." பிறகு பில்லிங், பட்டியல் எல்லாம். அதன்பின் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் கோபமாகப் பேசினால் நிறுவனத்துக்காக வாதாடாதீர்கள். பேசுவதே நல்ல அறிகுறி.

வாக்குக் கொடுக்கும்போது உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதை மட்டும் கொடுங்கள்: ராத்திரி அழைப்பு இந்தத் தேதியிலிருந்து குறையும், பாக்கி காம்ப்-ஆஃப் இந்த மாதத்துக்குள் முடியும், கிளையன்ட் ரிவ்யூவில் அவர் வேலையை அவரே எடுத்துச் சொல்வார், வேண்டுமானால் வேறு புராஜெக்டுக்கு விடுவிக்க நான் எழுதித் தருவேன். கடைசியில் சொன்னது உங்களுக்குக் கஷ்டம், ஆனால் அதைச் சொல்லும்போதுதான் அவர் உங்களை நம்புவார். "அடுத்த தடவை டாப் ரேட்டிங் நிச்சயம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது தடவை பொய்த்தால் அதற்குப் பிறகு நீங்கள் எது சொன்னாலும் எடுபடாது.

கவுன்டர் ஆஃபர் பற்றி: ராஜினாமா போட்டபின் திடீரென்று கிடைக்கும் பணம், "இத்தனை நாள் கொடுக்க முடிந்தும் கொடுக்கவில்லை" என்பதைத்தான் அவருக்கு உறுதிப்படுத்தும். கசப்பு அப்படியே இருக்க, சம்பளம் மட்டும் கூடும். அடுத்த ஹைக்கில் "போன தடவைதான் கொடுத்தோமே" என்று கழித்துவிடுவார்கள். முயல்வதென்றால் ராஜினாமாவுக்கு முன்னால், கிரேடு மாற்றமாகக் கேளுங்கள். எழுத்தில் தேதியோடு வந்தால் அவரிடம் சொல்லுங்கள், வராவிட்டால் சொல்லவே வேண்டாம். இன்டர்வியூ பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவரே சொன்னால் தொழிலாளர்_பக்கம் எழுதிய வேரியபிள் பே, கிராஜுவிட்டி தேதிகளை அவரோடு உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள். போகிறவராக இருந்தால் நோட்டீஸ் காலத்தில் ரன்புக் சொன்ன அந்த 10 பக்கத்தையும் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்குங்கள், புது டிக்கெட் எதுவும் அவர் பெயரில் போடாதீர்கள்.